கல்யாண ஜவுளி எடுக்க வந்தவர்கள்

ஜூன் 30, திங்கள்

காலையில் பிரார்த்தனை முடிந்ததும் மைக்கில் அதே உறுதிமொழி. "கஸ்டமரே நம் தெய்வம்." இருநூறு பேரும் கைகூப்பிக்கொண்டு ஒரே குரலில் சொன்னோம். தெய்வம் பத்து மணிக்கு மேல்தான் வரும். அதற்குள் மூன்றாவது மாடி பட்டுப் பிரிவில், நேற்று தெய்வங்கள் கலைத்துப் போட்டுவிட்டுப் போன சேலைகளை எல்லாம் மடித்து அடுக்கினேன்.

பூங்கோதை சில்க்ஸில் சேர்ந்து இந்த ஆடியோடு ஆறு வருஷம் ஆகிறது. திருநெல்வேலியில் இதைவிடப் பெரிய ஜவுளிக்கடை கிடையாது என்று முதலாளி சொல்கிறார். இருக்கலாம். நான் வேறு கடைக்குள் போய்ப் பார்த்தால்தானே தெரியும். ஞாயிற்றுக்கிழமையும் இங்கேதான் நிற்கிறேன்.

கடை ஆட்களுக்கு உட்கார இருக்கை கொடுக்கவேண்டும் என்று சட்டம் வந்ததிலிருந்து எங்கள் பிரிவிலும் இரண்டு நாற்காலி போட்டிருக்கிறார்கள். முதுகில் 'பணியாளர் இருக்கை' என்று எழுதியிருக்கும். அதில் ஃபால்ஸ் துணிக் கட்டுகள் உட்கார்ந்திருக்கின்றன. எனக்குக் கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு நீலமாகத் தெரிகிறது. செருப்பு சரியில்லை என்று நினைக்கிறேன். கடைக்குள் செருப்பு போடக்கூடாதுதான், இருந்தாலும் வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

சாயங்காலம் மேனேஜர் தாணுமாலயன் சாரிடம் மறுபடியும் கேட்டேன். இருநூறு பேரில் ரிஜிஸ்டரில் பெயர் இருப்பது நாற்பது பேருக்குத்தான். அவர்களுக்கு அரசாங்கம் சொன்ன குறைந்தபட்சக் கூலி, சம்பள ஸ்லிப் எல்லாம் உண்டு. மற்றவர்களுக்கு அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே, கவரில் போட்டுக் கொடுப்பார்கள். பாளையங்கோட்டையில் ஒரு ரூம் பார்த்து வைத்திருக்கிறேன். வீட்டுக்கார அம்மா சம்பள ஸ்லிப்பைக் காட்டினால்தான் சாவி என்கிறாள். ரூம் கிடைத்தால் கடை ஹாஸ்டலை விட்டுவிட்டு, களக்காட்டில் அண்ணன் வீட்டில் இருக்கும் என் மகள் வடிவைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். எட்டாவது படிக்கிறாள்.

"அடுத்த மாசம் பாப்போம் இசக்கி," என்றார் சார். நல்ல மனுஷன். ஆறு வருஷமாக ஒரு தடவைகூட முடியாது என்று சொன்னதில்லை.

ஜூலை 1, செவ்வாய்

வடிவு போன் பண்ணினாள். நல்லா இருக்கேன் என்றாள். பின்னால் பாத்திரம் உருள்கிற சத்தம். பாத்திரம் தேய்த்துக்கொண்டே பேசுகிறாள் போலிருக்கிறது. சுறுசுறுப்பான பிள்ளை.

ஜூலை 3, வியாழன்

கடை மூடும் முன்னால் எல்லோரையும் கீழ்த்தளத்துக்குக் கூப்பிட்டார்கள். தாணுமாலயன் சார் ஸ்டூல் மேல் ஏறி நின்றார்.

"நாளைக்கு லேபர் ஆபீஸ்ல இருந்து இன்ஸ்பெக்டர் அம்மா வாராங்க. ரிஜிஸ்டர்ல இருக்க நாப்பது பேரும் யூனிஃபார்ம் போட்டு வழக்கம்போல வேலையைப் பாருங்க. மத்த ஆளுக எல்லாம்..."

லீவு என்று சொல்லப் போகிறார் என்று பாதிப்பேர் சிரித்துவிட்டோம்.

"மத்த ஆளுக எல்லாம் நாளைக்கு கஸ்டமர்."

போன தடவை சோதனைக்கு எங்களை மொட்டை மாடியில் கொண்டுபோய் அடைத்து, நாலு பேர் வெயிலில் மயங்கி விழுந்ததால் இந்த ஏற்பாடாம். நல்ல சேலை கட்டி, பூ வைத்து, பை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வாசல் வழியாக வரவேண்டும். தனித்தனியாக வந்தால் சந்தேகம் வரும் என்று குடும்பம் குடும்பமாகப் பிரித்தார். லிஃப்ட் ஓட்டும் பொன்னுத்துரை எனக்குப் புருஷன். பெருக்குகிற சொர்ணத்தம்மா மாமியார். நாங்கள் மகள் கல்யாணத்துக்கு முகூர்த்தப் பட்டு எடுக்க வந்திருக்கிறோம்.

"சார், எனக்கு இருபத்தேழு வயசுதான் ஆவுது," என்றான் பொன்னுத்துரை. "எனக்குக் கல்யாண வயசுல மவளா?"

"பில் போடுத வரைக்கும் கஸ்டமரோட வயசை எவனும் கேக்க மாட்டான்ல. போ."

எனக்கு முப்பத்தாறு. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு இப்படி ஒரு இளந்தாரி கிடைப்பான் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஜூலை 4, வெள்ளி

இன்று உட்கார்ந்தேன்.

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அது மெத்தை வைத்த சோபா. உட்கார்ந்தவுடனே பாதத்திலிருந்து ஏதோ இறங்கிப் போகிற மாதிரி இருந்தது. மரிய புஷ்பம் எங்கள் பிரிவில் ரிஜிஸ்டரில் இருக்கிற ஒரே ஆள். அவள் எதிரே வந்து கைகூப்பி, "வாங்கக்கா, என்ன ரேஞ்சுல பாக்கீங்க?" என்றாள். கண்ணில் தண்ணீர் வர அடக்கிக்கொண்டு சிரிக்கிறாள். அப்புறம் ஒரு பையன் தட்டில் காபி கொண்டுவந்து நீட்டினான். ஆறு வருஷமாக அந்தக் காபியின் மணம் மட்டும்தான் எனக்குத் தெரியும். சர்க்கரை கொஞ்சம் அதிகம்.

பொன்னுத்துரையை யாரும் பழக்கவே வேண்டியிருக்கவில்லை. உட்கார்ந்ததும் போனை எடுத்து நோண்ட ஆரம்பித்தான். எது காட்டினாலும் "உனக்குப் பிடிச்சதை எடு" என்றான். அசல் புருஷன். சொர்ணத்தம்மாதான் தாங்கமுடியவில்லை.

"எங்க வீட்டு வழக்கம் அரக்குதான். பச்சை கட்டுனா எம்மவனுக்கு ஆகாது."

"அத்தை, பொண்ணு செவப்பு. பச்சை எடுப்பா இருக்கும்."

"நீ எதுக்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசுத. அதான் எம்மவன் இப்படி மெலிஞ்சு போயிட்டான்."

எனக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. இல்லாத மகளுக்கு எந்தக் கலர் பொருந்தும் என்று எனக்குத் தெரியாதா?

இன்ஸ்பெக்டர் செண்பகவல்லி மேடம் பதினோரு மணி போல வந்தார்கள். காட்டன் சேலை, தோளில் ஒரு பை, சிரிக்காத முகம். கூட்டத்தில் கவுண்டர் பக்கமே போக முடியவில்லை. நாற்பது பேர் நூற்றறுபது பேருக்கு நடுவில் மூச்சு வாங்க ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"ஆடி பொறக்கதுக்கு முன்னாடியே இவ்வளவு கூட்டமா?"

"எல்லாம் ஜனங்களோட அன்பு மேடம்," என்றார் சார்.

"சரி, கூட்டம் குறையட்டும். நாளைக்கு வாரேன்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். சார் முகம் விழுந்துவிட்டது. கூட்டம் எப்படிக் குறையும்? நாங்கள்தானே கூட்டம்.

ஜூலை 5, சனி

மறுபடியும் கஸ்டமர். தெருவில் போகிறவர்கள் இந்தக் கூட்டத்தைப் பார்த்து ஏதோ தள்ளுபடி போட்டிருக்கிறான் என்று உள்ளே வந்துவிட்டார்கள். மதியம் நிஜ தெய்வம் எது, போலித் தெய்வம் எது என்று எங்களுக்கே குழம்பிவிட்டது. சேரன்மகாதேவியில் இருந்து வந்த ஒரு அம்மா, நான் மடியில் வைத்திருந்த பச்சையைப் பார்த்து, "நீங்க வச்சிட்டீங்கன்னா நான் எடுத்துக்கிடுதேன்," என்று பிடுங்காத குறையாக வாங்கிப் பில் போட்டுவிட்டாள். பதினைந்து நாளாக நான் விரித்து விரித்துக் காட்டியும் போகாத சேலை அது.

இன்ஸ்பெக்டர் மேடம் வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். முதலாளிக்கு வியாபாரம் பார்த்துப் பரம சந்தோஷமாம். திங்கட்கிழமையும் இதேபோல நடக்கட்டும் என்றாராம்.

ஜூலை 7, திங்கள்

சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீ ரொம்ப இயல்பா செய்யுத இசக்கி. இந்த இன்ஸ்பெக்டர் அம்மா போனதும் அடுத்த மாசம் உன் பேரு ரிஜிஸ்டர்ல ஏறிரும்."

அப்படியே பறக்கிற மாதிரி இருந்தது. வீட்டுக்கார அம்மாவுக்குப் போன் பண்ணி ரூமை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள் என்று சொன்னேன். வடிவுக்கும் பண்ணினேன். மணி பதினொன்று. பள்ளிக்கூடம் போகவில்லையா என்றேன். அத்தைக்குக் காய்ச்சல், அதனால் லீவு என்றாள். போன வாரமும் காய்ச்சல்தான். அண்ணி பாவம், உடம்பு பலவீனம்.

ஜூலை 8, செவ்வாய்

மானம் போன நாள்.

மேடம் இன்று யாரையும் எதுவும் கேட்கவில்லை. நேராக மூன்றாவது மாடிக்கு வந்து, சோபாவில் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். புஷ்பத்திடம் வாழைத்தண்டு நிறத்தில் ஒரு பட்டுச் சேலையை விரிக்கச் சொன்னார்கள். முந்தி, உடம்பு, கரை எல்லாம் பார்த்துவிட்டு அதைச் சுருட்டிப் பந்துபோல நடுவில் போட்டார்கள். போட்டுவிட்டு, "புஷ்பம், கீழ போய் எனக்கு ஒரு தண்ணி பாட்டில்," என்றார்கள். அவளும் போய்விட்டாள்.

சேலை அப்படியே கிடந்தது. ஜரிகை மடங்கி, முந்தி தரையைத் தொட்டுக்கொண்டு.

நான் பார்க்கக்கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கஸ்டமர் சேலையை மடிக்க மாட்டார்கள். ஒருநாளும் மடிக்க மாட்டார்கள். அது அவர்களுக்குத் தோன்றவே தோன்றாது. எனக்குக் கை நமநமவென்று வந்தது. பக்கத்து சோபாவில் பொண்ணுக்கு வளைகாப்புச் சேலை எடுக்க வந்த மாதிரி உட்கார்ந்திருந்த பில்லிங் கவுண்டர் ஜெபராணி எச்சில் விழுங்குவது கேட்டது. சொர்ணத்தம்மா முணுமுணுவென்று ஏதோ சாமியைக் கும்பிட்டாள்.

எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியாது. நான் ஒரு முனையைப் பிடித்தேன், மறுமுனையை ஜெபராணி பிடித்திருந்தாள். உதறி, பாதி, கால், முந்தி வெளியே தெரிய, கரை மேலே வர ஒரு தட்டு தட்டி வைத்துவிட்டோம். வைத்த பிறகுதான் பார்த்தேன், மாடி முழுக்க எல்லாக் குடும்பங்களும் எழுந்து நின்று, ஆளுக்கொரு சேலையை மடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க யாரு?" என்றார்கள் மேடம் என்னைப் பார்த்து. குரல் கடுமையாக இல்லை.

தாணுமாலயன் சார் ஓடி வந்தார். "கஸ்டமர் மேடம். நெல்லைச் சீமை ஜனங்க, ஒரு பொருளை அலங்கோலமா விட மனசு வராது."

"நான் அவங்களைக் கேட்டேன்."

அடுத்த மாசம் என் பெயர் ஏறப்போகிறது. நான் என்ன செய்ய? "கஸ்டமர்தான் மேடம். மவ கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க வந்தோம்," என்றேன்.

மேடம் என் காலைப் பார்த்தார்கள். சேலையை இழுத்து மூடிக்கொண்டேன்.

"நல்லது," என்றார்கள் சாரிடம். "கடை பூரா உக்காந்திருக்கவங்க அத்தனை பேரும் கஸ்டமர், வேலையாள் கிடையாதுன்னு பேரைப் போட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. ஆடி மாசம் பூரா நான் எப்ப வேணாலும் வருவேன்."

சார் சந்தோஷமாக எழுதிக் கொடுத்தார். ஆறு வருஷமாக அவர் என் பெயரை ஒரு காகிதத்தில் எழுதுவார் என்று காத்திருந்தேன். எழுதிவிட்டார்.

ஜூலை 9, புதன்

பழையபடி யூனிஃபார்ம். பழையபடி நின்றேன். கால் மட்டும் ஏனோ முன்னைவிட வலிக்கிறது. சோபாவில் உட்கார்ந்து பழக்கம் கெட்டுவிட்டது.

ஜூலை 12, சனி

என் பெயர் எப்போது ஏறும் என்று சாரிடம் கேட்டேன். "அதான் அந்தம்மாட்ட நீ கஸ்டமர்னு சொல்லிட்டியே இசக்கி. இப்ப ஏத்துனா மாட்டிக்கிட மாட்டோமா? ஆடி போவட்டும். அடுத்த மாசம் பாப்போம்."

ராத்திரி அண்ணி போன் பண்ணினாள். அண்ணியே பண்ணுகிறாளே என்று ஆச்சரியப்பட்டேன். குரல் கணீரென்று இருந்தது, காய்ச்சலே வராத குரல். "பொம்பளப் பிள்ளை எதுக்குக் கெடந்து படிக்கணும்? வீட்டு வேலை நல்லாப் பாக்கா. இந்த வருசத்தோட நிப்பாட்டிருவோமா?" என்றாள்.

பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். எனக்கு ஆத்திரமாக வந்தது. அண்ணி மேல் இல்லை. எல்லாம் தெரிந்துகொண்டே, அண்ணி பாவம், பிள்ளை சுறுசுறுப்பு என்று இதில் எழுதி எழுதி வைத்தேனே, அந்தக் கை மேல்.

ஜூலை 14, திங்கள்

காலையில் யூனிஃபார்ம் போடவில்லை. எனக்கு இருக்கிற ஒரே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, பத்து மணிக்கு வாசல் வழியாக வந்தேன். வாட்ச்மேன் பழக்கதோஷத்தில் சல்யூட் அடித்தான். மூன்றாவது மாடிக்குப் போய் சோபாவில் உட்கார்ந்தேன்.

"ஏட்டி, என்ன செய்யுத?" என்றாள் புஷ்பம் பதறிப்போய்.

"முகூர்த்தப் பட்டு காட்டுங்க."

தாணுமாலயன் சார் வந்தார். "இசக்கி, வெளையாடாத. எந்திரி."

"நான் கஸ்டமர் சார். நீங்கதான எழுதிக் குடுத்தீங்க."

"அது அந்தம்மாவுக்காக..."

"அந்தம்மா எப்ப வேணாலும் வருவாங்களாம். வந்து பாக்கையில நான் யூனிஃபார்ம் போட்டு நின்னா உங்களுக்குத்தான் சங்கடம். காபி இன்னும் வரலை சார்."

சார் வாட்ச்மேனைக் கூப்பிட்டு என்னை வெளியே அனுப்பச் சொன்னார். அவனும் அந்தக் காகிதத்தில் இருக்கிற ஆள்தான், தங்கச்சிக்குத் தாவணி எடுக்க வந்தவன். தொப்பியைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

மதியத்துக்குள் லிஃப்ட் நின்றுவிட்டது. என் புருஷன் வந்துவிட்டான்.

ஜூலை 15, செவ்வாய்

நூற்றறுபது பேரும் கஸ்டமர். அத்தனை பேரும் உட்கார்ந்திருக்கிறோம். சொர்ணத்தம்மா அரக்கிலேயே வேறு அரக்கு கேட்கிறாள். நிஜக் கஸ்டமர்கள் படி ஏறி வந்து, உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே பார்க்கிறார்கள். பெருக்க ஆளில்லை, பில் போட ஆளில்லை, மலைபோலக் குவிந்த சேலையை மடிக்க ஆளில்லை. புஷ்பத்தைப் பார்த்தால்தான் பாவமாக இருந்தது. "நீங்க ஜெயிச்சாதாம்டி எனக்கும் ஓட்டம் குறையும், உக்காருங்க," என்றாள் காதோடு.

இன்று யாரும் ஒரு சேலைகூட மடிக்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. ஜெபராணி கையை முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஜூலை 16, புதன்

நாளை ஆடி முதல் தேதி. தள்ளுபடி விளம்பரம் ஊர் முழுக்க ஒட்டியாகிவிட்டது. இன்று மதியம் தாணுமாலயன் சார் என் முன்னால் வந்து நின்றார். சட்டை நனைந்திருந்தது. மூன்று நாளாக அவரே சேலை மடிக்கிறார். கரை உள்ளே போகிறது.

"முதலாளி ஒத்துக்கிட்டாரு. எல்லாருக்கும் வேலைக் கார்டு போட்டாச்சு. கையெழுத்துப் போட்டுட்டு எந்திரி தாயி."

வாங்கிப் பார்த்தேன். என் பெயர் இசக்கியம்மாள் என்று அச்சடித்திருந்தது. கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது. சேர்ந்த தேதி, இன்று. முன் அனுபவம், இல்லை. பதவி, பயிலுநர்.

"பயிலுநர்னா?"

"டிரெயினிங். ஒரு வருசம். அப்புறம் ரிஜிஸ்டர்."

"சம்பள ஸ்லிப்பு?"

"டிரெயினிங்ல ஏது ஸ்லிப்பு? ஸ்டைப்பண்ட் கவர்ல தருவோம். மடிக்கதுக்கெல்லாம் உனக்கு புஷ்பம் சொல்லிக் குடுப்பா."

புஷ்பம் தலையில் அடித்துக்கொண்டாள். அவளுக்கு மடிக்கச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் போட்டால் அவர்களும் போட்டுவிடுவார்கள். கையெழுத்துப் போட்டால் நாளைக்குச் சோறு உண்டு. போடாவிட்டால் ராத்திரி ஹாஸ்டலைப் பூட்டிவிடலாம். பயமாகத்தான் இருந்தது. ஆனால் இன்னும் ஒரு வருஷம் என்றால் வடிவு அதற்குள் பள்ளிக்கூடத்தை மறந்துவிடுவாள்.

"இந்தக் கலர் எனக்குப் பிடிக்கலை சார்," என்று கார்டைத் திருப்பிக் கொடுத்தேன். "வேற காட்டுங்க."

யாரோ சிரித்தார்கள். அப்புறம் ஒவ்வொருவராக நீட்டினார்கள். "எனக்கும் பிடிக்கலை." "கரை சரியில்லை." "இன்னும் நல்ல ரேஞ்சுல காட்டுங்க." சார் கையில் நூற்றறுபது கார்டும் திரும்பி வந்துவிட்டது.

"என்னதான் வேணும் உங்களுக்கு?" என்றார். கிட்டத்தட்ட அழுதுவிட்டார்.

"ரிஜிஸ்டர்ல பேரு. நான் வந்த தேதியோட. மத்தவங்களுக்கு அவங்கவங்க வந்த தேதியோட. நாப்பது பேருக்கு என்ன கூலியோ அதே கூலி."

"பழைய தேதி போட்டா, நீங்க கஸ்டமர்னு நான் எழுதிக் குடுத்தது பொய்னு ஆயிருமே."

"ஆமா சார். பொய்தான."

சார் மேலே முதலாளி அறைக்குப் போனார். கீழே வந்தார். மறுபடி போனார். லிஃப்ட் இல்லாததால் ஐந்தாவது மாடி வரை நடைதான். நாலாவது தடவை இறங்கி வந்தபோது, கால் தாங்காமல் ஃபால்ஸ் கட்டுகளைத் தள்ளிவிட்டுப் பணியாளர் இருக்கையில் உட்கார்ந்துவிட்டார். மடியில் பெரிய ரிஜிஸ்டர் இருந்தது.

"சொல்லு. எந்த வருசம் வந்த?"

சொன்னேன். எழுதினார். நான் எட்டிப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். பின்னால் நூற்றைம்பத்தொன்பது பேர் வரிசையில் நின்றார்கள். நின்றதைப் பற்றி யாரும் குறைசொல்லவில்லை. பேர் ஏறியவர்கள் நேராகப் போய் மலையாகக் கிடந்த சேலையை மடிக்க ஆரம்பித்தார்கள்.

லேபர் ஆபீஸுக்கு என்ன பதில் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது. மேடம் வந்து கேட்டால் நானும் பொய் சொன்னேன் என்று சொல்லிவிடுவேன். மாசக் கடைசியில் ஸ்லிப் வரும். வீட்டுக்கார அம்மா, ரிஜிஸ்டர் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினதுக்கே சரி வா என்றுவிட்டாள்.

சாயங்காலம் வடிவுக்குப் போன் பண்ணினேன். "துணிமணி எடுத்து வைம்மா. ஞாயித்துக்கிழமை அம்மா வந்து கூட்டிட்டு வாரேன்."

"எத்தனை நாளைக்கும்மா?" என்றாள்.

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் இரண்டு நாள், மூன்று நாள் என்றுதான் அவள் ஹாஸ்டலில் என்னோடு வந்து தங்கியிருக்கிறாள்.

"நாள் கணக்கெல்லாம் இல்லை. இனி அம்மாகூடத்தான்."

அந்தப் பக்கம் பாத்திரம் உருள்கிற சத்தம் நின்றது. யாருக்கும் கேட்டுவிடக்கூடாது என்பதுபோல மெதுவாகக் கேட்டாள்.

"அப்போ புஸ்தகமும் எடுத்துக்கிடட்டாம்மா?"